தட்டில் கேட்பது சி.டி.யில் ஏன் கேட்கவில்லை?

ஜூன் 2, இரவு 9.10 – கேள்வி

இசைத்தட்டில் ஒலி அலை முழுசா இருக்கு. சி.டி.யிலயும் பாட்டு ஆப்புலயும் அதைத் துண்டு துண்டா வெட்டிப் படிக்கட்டு மாதிரி அடுக்கி வைக்கிறாங்க. அதனாலதான் அதே பழைய பாட்டு தட்டில் உயிரோட இருக்கு, ஆப்பில் சப்புன்னு இருக்கு. இதை மறுக்கிறவங்க யாராவது இருந்தா காரணத்தோட சொல்லுங்க. இன்னொண்ணு: அறுபது எழுபதுகளின் தமிழ்த் தட்டுகளை ஓட்ட என்ன பிளேயர், என்ன ஊசி?

ஜூன் 2, இரவு 10.25

உங்கள் காது சொல்வது சரி. அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை.

படிக்கட்டு என்பது விளம்பரங்களில் வரைந்த படம். சி.டி. ஒரு விநாடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. அவை வெறும் புள்ளிகள், நடுவில் படி எதுவும் கிடையாது. 22.05 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி என்றால், அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போக ஒரே ஒரு வளைவால்தான் முடியும். பிளேயருக்குள் இருக்கும் வடிகட்டி அந்த வளைவைத்தான் திரும்ப வரைகிறது. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தால் வழவழவென்று ஓடும் அலைதான் தெரியும். நல்ல இளங்காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்.

மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சி.டி. தரும் இடைவெளி 96 டெசிபெல். நன்றாக அச்சான, சுத்தமான எல்.பி.யில் (பெரிய வினைல் தட்டு) அது 60, மிஞ்சினால் 70. அளவுகோலை வைத்தால் தட்டு தோற்கும். ஆனாலும் தட்டு நன்றாகக் கேட்கிறது என்றால் விடையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஜூன் 3, காலை 7.05

'முழு அலை' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. தட்டின் பள்ளத்தில் இருப்பது ஸ்டுடியோவில் கேட்ட அலை இல்லை. தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். அதனால் வெட்டும்போதே 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் குறைப்பார்கள், 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு கூட்டுவார்கள். கேட்கும்போது ஃபோனோ ப்ரீஆம்ப் (பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஊசியின் சிக்னலைப் பெருக்கும் கருவி) இதைத் தலைகீழாக்கும். இந்தக் கணக்குக்கு 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) என்ற பெயரில் பொது அளவு வந்தது. ப்ரீஆம்ப் இல்லாமல் ஆம்ப்பின் 'ஆக்ஸ்' துளையில் நேராகச் செருகினால் பாட்டு கீச்சென்று, அடி ஒலியே (பேஸ்) இல்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வருவது இதனால்தான். ப்ரீஆம்ப் இரண்டு தடவை வந்தால் அடி மட்டும் பொம்மிக்கொண்டு மீதியெல்லாம் பிசிறடிக்கும். பிளேயரின் பின்பக்கம் 'ஃபோனோ/லைன்' சுவிட்ச் இருந்தால், முதலில் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். பழுது என்று கொண்டுவரும் பல பிளேயர்களுக்கு வேறு கோளாறே இருப்பதில்லை.

இன்னும் சில சமரசங்கள் உண்டு. ஸ்டீரியோத் தட்டில் தாழ்ந்த ஒலிகளை நடுவில் சேர்த்து மோனோவாக்குவார்கள், இல்லாவிட்டால் ஊசி மேலும் கீழும் எகிறும். 'ஸ', 'ஷ' கூர்மையாக வரும் இடங்களை வெட்டுவதற்கு முன்பே அடக்குவார்கள். ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்குமேல் திணித்தால் மொத்தச் சத்தத்தையே குறைத்தாக வேண்டும்.

ஜூன் 3, காலை 7.40

கடைசிப் பாட்டு மட்டும் பிசிறடிப்பதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே பள்ளம் விநாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வந்தால் 21 செ.மீ.தான். சுற்று மாறவில்லை, வட்டம் சிறுத்துவிட்டது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளி ஓரத்தில் 51 மைக்ரான் நீளம், உள்ளே 21 மைக்ரான். சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரான். 21 மைக்ரானில் ஏறி இறங்கும் மேடுபள்ளத்துக்குள் அந்த உருண்டையால் இறங்க முடியாது, மேலேயே உரசிக்கொண்டு போகும். 'ஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஷ்ஷ்' என்று எச்சில் தெறிப்பது அதுதான். தட்டு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ஊசியை மாற்றிப் பாருங்கள்.

45 சுற்றில் ஓடும் ஏழங்குல ஈ.பி.யில் இந்தத் தொல்லை குறைவு. உள் ஓரத்திலும் விநாடிக்கு 25 செ.மீ. கிடைக்கிறது.

ஜூன் 3, இரவு 9.30

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. அதே பாட்டு தட்டில் ஏன் நன்றாக இருக்கிறது?

அது 'அதே பாட்டு' இல்லை என்பதுதான் விடை. வடிவங்களை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வெவ்வேறு பிரதிகளை ஒப்பிடுகிறோம். 1968-ல் வந்த ஈ.பி. அன்றைக்குப் புதிதாக இருந்த டேப்பிலிருந்து வெட்டப்பட்டது. சி.டி.க்காக அதே பாட்டை எடுத்தபோது டேப் வயதாகியிருக்கும், நகலின் நகலாகவும் இருந்திருக்கலாம். சில வெளியீடுகள் தேய்ந்த தட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை, காது வைத்தால் அடியில் சொடக்குச் சத்தம் கேட்கும். அதன்மேல் இரைச்சல் நீக்குகிறேன் என்று மேல் ஒலிகளைச் சீவி, எதிரொலி தடவி, மோனோவை இழுத்துப் போலி ஸ்டீரியோ ஆக்கி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அமுக்கிச் சத்தத்தை ஏற்றுவார்கள். தபலாவின் முதல் அடி மொட்டையாகிவிடும். பாடகர் மூச்சு இழுக்கும் ஒலி இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். ஆப்பில் ஏறியிருப்பது பெரும்பாலும் இந்தப் பிரதிதான்.

இதற்குச் சான்றாக, உச்சத்துக்கும் சராசரிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் டைனமிக் ரேஞ்ச் மீட்டர் என்ற மென்பொருளைச் சொல்லலாம். இலவசமாகக் கிடைக்கிறது. தட்டிலிருந்து எடுத்த கோப்பு 12 காட்டும் இடத்தில் புது மறுவெளியீடு 7 காட்டினால் அமுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜூன் 4, மதியம் 1.15

நேற்று கடைசியாக எழுதியதைத் திருத்த வேண்டும். அந்த மீட்டரைத் தட்டுக்குச் சான்றாக வைக்கக் கூடாது. நன்றாக அமுக்கப்பட்ட ஒரு டிஜிட்டல் மாஸ்டரை அப்படியே தட்டில் வெட்டி, அதைத் திரும்பப் பதிந்து மீட்டரில் போட்டாலும் எண் கூடத்தான் காட்டும். வெட்டும் கருவி, ஊசி, ப்ரீஆம்ப் எல்லாம் சேர்ந்து அலைக்குள் உள்ள ஒலிகளை ஒன்றுக்கொன்று சற்றே முன்பின் நகர்த்துகின்றன (ஃபேஸ் மாற்றம்). அதில் உச்சங்கள் முளைக்கின்றன. ஒலிக்கு அதனால் புது உயிர் வந்துவிடாது. சி.டி.க்கும் சி.டி.க்கும், கோப்புக்கும் கோப்புக்கும் ஒப்பிட மட்டும் அந்த மீட்டர் பயன்படும். அமுக்கியிருக்கிறார்களா என்று தெரிய அலைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் எல்லாம் ஒரே கோட்டில் கத்தரித்த வேலிமாதிரி நின்றால் அமுக்கியதுதான்.

ஜூன் 4, இரவு 8.50

"அப்போ டிஜிட்டல்தான் மேல்னு முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வாதாடித் தீர்க்க வேண்டாம், சோதித்தே பார்க்கலாம். ஒரு மாலை நேரம் போதும்.

உங்களிடம் உள்ளதில் மிக நன்றாக ஒலிக்கும் தட்டை எடுங்கள். ப்ரீஆம்ப்பிலிருந்து யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குள் பதியுங்கள். மிகச் சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, பிறகு 16 பிட், 44.1-க்கு இறக்குங்கள். இப்போது தட்டையும் அந்தக் கோப்பையும் ஒரே ஆம்ப், ஒரே ஸ்பீக்கரில் ஓட்டி, எது ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். இரண்டின் சத்தமும் ஒன்றாக இருப்பது மிக முக்கியம். அரை டெசிபெல் கூடியிருந்தால் அது சத்தம் என்று காதுக்குத் தெரியாது, 'நல்லா இருக்கு' என்றுதான் தெரியும். டெஸ்ட் ரெக்கார்டில் (சோதனை ஒலிகள் பதிந்த தட்டு) உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் அதையே பதிந்த கோப்பையும் மாற்றி மாற்றி ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பிரித்துச் சொல்ல முடியாது. தட்டின் வெதுவெதுப்பு, சொடக்கு, ஊசி இறங்கும் 'தொப்' எல்லாம் கோப்பில் அப்படியே இருக்கும். நீங்கள் தட்டில் விரும்பியதைப் பழைய 16 பிட் வடிவமே முழுதாகச் சுமக்கிறது. குறை டிஜிட்டல் வடிவத்தில் இல்லை, அதில் எதைப் போட்டார்கள் என்பதில்தான்.

அதனால்தான் அந்தத் தட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சில பாடல்களுக்கு நல்ல பிரதி என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அது மட்டும்தான்.

ஜூன் 5, காலை 6.55

இனி கருவி.

பழைய தமிழ்த் தட்டுகள் எங்கே ஓடின என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் இருந்தது ஃபியஸ்டா மாதிரி பெட்டி பிளேயர். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் ரேடியோ செட்காரர்கள் குழாய் கட்டி ஓட்டினார்கள். இரண்டிலும் இருந்தது செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி). பள்ளத்தின்மேல் 4 முதல் 6 கிராம், சில வேளை அதற்கும் மேல், பாரம் இறங்கும். ஊசி மழுங்கினாலும் மாற்ற மாட்டார்கள். அந்த ஊசி உளி மாதிரி பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். இன்று பழைய தட்டு வாங்கும்போது டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். கருப்பு பளபளப்பாக இருந்தால் நல்லது. சத்தம் கூடும் இடங்களில் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் தேய்ந்தது. கீறலைவிட இந்தச் சாம்பல் மோசம். கீறலைக் கணினியில் எடுத்துவிடலாம், தேய்மானத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சூட்கேஸ் மாதிரி வரும் மலிவான புது பிளேயர்களிலும் பெரும்பாலும் இதே செராமிக் வகைதான். ஏற்கெனவே அடிபட்ட தட்டை அதில் போட வேண்டாம்.

காந்தத்தால் வேலை செய்யும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் வேண்டும். எளிதில் கிடைப்பது ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை. 'இ' ரகம் நீள்வட்ட ஊசி, பாரம் 2.0 கிராம், 1.8-க்கும் 2.2-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் உடம்பு ஒன்றே, ஊசியை மட்டும் விரலால் இழுத்து மாற்றலாம். 78 சுற்றுத் தட்டுக்கு 'எஸ்.பி.' ரகம். தேய்ந்த தட்டுக்கு 'எம்.எல்.' ரகம், அதாவது மைக்ரோலினியர். பழைய உருண்டை ஊசி தேய்த்த இடத்துக்கு மேலும் கீழும் சுவரில் கன்னி நிலம் மிச்சம் இருக்கும், இந்த மெல்லிய முனை அங்கே போய்த் தொடும். ஒரே தட்டு இரண்டு ஊசியில் இரண்டு தட்டு மாதிரி ஒலிப்பதுண்டு. ஆயுளுக்குத் தயாரிப்பாளர் தரும் கணக்கு: நீள்வட்டம் 300 மணி நேரம், மைக்ரோலினியர் 1,000. விலை கூடுதலாக இருந்தாலும் எம்.எல். நஷ்டமில்லை.

ஜூன் 5, காலை 7.20

பாரத்தை டோன் ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) பின்குண்டில் உள்ள எண்ணை நம்பி வைக்காதீர்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். இரண்டு கவனம்: தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும். அளக்கும் இடம் தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும், உயர்ந்தால் எண் மாறும்.

கார்ட்ரிட்ஜ் நிற்கும் கோணத்தைச் சரிபார்க்க இரண்டு புள்ளி ப்ரொட்ராக்டரை (கோணம் காட்டும் அட்டை) அச்செடுங்கள். பேர்வால்ட் கணக்கில் புள்ளிகள் மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று சுருக்கியிருந்தால் எல்லாமே தப்பாகும். இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். ஒன்றில் நின்று மற்றதில் சாய்ந்தால் திருகைத் தளர்த்தி முன்னோ பின்னோ நகர்த்துங்கள்.

ஜூன் 5, இரவு 10.05

"அமெரிக்காவிலிருந்து அண்ணன் பழைய டர்ன்டேபிள் அனுப்புறார், 110 வோல்ட், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா போதுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை ஒட்டியே சுற்றுவது) வைத்த பழைய மாடல் அங்கே 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்குப் பதில் 27.8 சுற்றுதான் ஓடும். ஐந்து கட்டையில் பாடியது மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் மாற்றலாம். அனுப்பும் முன்பே மாடல் எண்ணை வைத்துத் தேடிவிடுங்கள். டி.சி. மோட்டார் என்றால் இந்தக் கவலை இல்லை.

வேகம் சரிதானா என்று பார்க்க ஸ்ட்ரோப் தட்டு, அதாவது சுற்றிலும் கோடு போட்ட வட்டம், அச்செடுக்கலாம். வேகம் சரி என்றால் விளக்கின் துடிப்பில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு உள்ளது வேண்டும், 216 கோடு 60 ஹெர்ட்ஸுக்கானது. பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல எல்.இ.டி. பல்பு துடிக்காது, அதில் கோடு நிற்பது தெரியாது.

ஜூன் 6, மாலை 6.30

கழுவுவது. நம் ஊர் ஈரத்தில் தட்டுகளுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. பள்ளத்துக்குள் வெள்ளைப் புள்ளியாகப் பிடிக்கும், ஓட்டினால் மழை பெய்வதுபோல இரையும். துணியால் துடைத்தால் போகாது, உள்ளே தள்ளிவிடும்.

டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., ஃபிலிம் கழுவும் வெட்டிங் ஏஜென்ட் அரை மி.லி. பூஞ்சை பிடித்த தட்டு என்றால் மூக்கைக் கட்டிக்கொண்டு முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டிவிடுங்கள். லேபிளை நனைக்காமல் திரவத்தைப் பரப்பி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். மெல்லிய நைலான் பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே பத்துச் சுற்றுத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். அலசாமல் விட்டால் மருந்து காய்ந்து படிந்து, அதுவே ஊசியில் பிசுக்காகச் சேரும். நிழலில் நிற்க வைத்து உலர்த்துங்கள். பழைய காகித உறைக்குள் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை வித்து அதில்தான் இருக்கிறது. புது பாலித்தீன் உள்ளுறை போடுங்கள்.

குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் கூடவே கூடாது. காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும்.

ஜூன் 6, மாலை 6.50

மேலே சொன்ன மருந்து வினைல் தட்டுக்கு மட்டும். 78 சுற்றுத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. அது அரக்கு. மரச் சாமானுக்கு பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள், தட்டும் அப்படியே கரையும். அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் வெட்டிங் ஏஜென்டும் மட்டும், ஊறவிடாமல் உடனே துடைத்து எடுங்கள். அடையாளம் தெரியாவிட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். அரக்குத் தட்டு கனமாக, வளையாமல், தட்டினால் மண்சட்டிபோல ஒலிக்கும். விழுந்தால் உடையும். வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்.பி. 1948-லேயே வந்துவிட்டாலும் இந்தியாவில் 78 தட்டு அறுபதுகளிலும் அச்சானது, பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78-ல் வந்திருக்கின்றன.

ஜூன் 7, காலை 8.15

காசு செலவில்லாமல் கரகரப்பைக் குறைக்கும் ஒரு வழியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசிவரை தமிழ்த் திரைத்தட்டுகள் பெரும்பாலும் மோனோ. மோனோவில் பாட்டு ஊசியைப் பக்கவாட்டில் மட்டும் அசைக்கும். மேலும் கீழுமாக அசைவதெல்லாம் தூசி, தேய்மானம், கீறல். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அதையும் சேர்த்துப் படித்து இரண்டு ஸ்பீக்கரிலும் பரப்பிவிடும். இடதையும் வலதையும் கூட்டி ஒன்றாக்கினால் பாட்டு அப்படியே நிற்கும், மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். ஆம்ப்பில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் பதிந்த பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரண்டு தடத்தையும் கலந்து ஒன்றாக்குங்கள்.

ஒரு சுவர் மட்டும் மோசமாகத் தேய்ந்த தட்டும் உண்டு. அப்போது கூட்டக் கூடாது. இடதை மட்டும், வலதை மட்டும் தனித்தனியாகக் கேட்டு நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 7, இரவு 9.45

அனலாக்கா டிஜிட்டலா என்று மறுபடியும் ஆரம்பித்திருப்பவர்களுக்கு: மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலை உயர்ந்த மறுவெளியீடுகளை, மூல டேப்பிலிருந்து டிஜிட்டல் படாமல் வெட்டியவை என்று நம்பித்தான் பலர் வாங்கினார்கள். நடுவில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் படி இருந்தது 2022-ல் வெளியே வந்தது. வழக்கெல்லாம் போனது. நிறுவனம் மறைத்தது தவறுதான். ஆனால் அதுவரை அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்தவர்கள் அனுபவமுள்ள காதுக்காரர்கள். அவர்களுக்கு அது டிஜிட்டல் என்று காதால் தெரியவில்லை. நன்றாக எடுத்திருந்தார்கள், நன்றாகக் கேட்டது.

ஜூன் 8, காலை 7.30

"வீணைத் தட்டு ஒன்றில் சுருதி அலைகிறது, மோட்டாரா?"

ஒரு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது 1.8 விநாடிக்கு ஒரு முறை அலைந்தால் மோட்டார் இல்லை, நடு ஓட்டை மையம் தவறி விழுந்திருக்கிறது. அரை மி.மீ. தவறினாலே தட்டின் நடுப்பகுதியில் சுருதி அரை சதவீதம் ஏறி அரை சதவீதம் இறங்கும். டப்பாங்குத்தில் தெரியாது. தம்புரா இழையும் ஆலாபனையில் நன்றாகவே தெரியும். டோன் ஆர்ம் இடம்வலமாக ஊஞ்சல் ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓட்டையை வட்ட அரத்தால் மிகக் கொஞ்சம் பெரிதாக்கி, ஆர்ம் ஆடாத இடத்துக்குத் தட்டை நகர்த்தி வைத்து ஓட்டுவார்கள். அரிய தட்டில் அரத்தை வைக்க வேண்டாம், முதலில் அப்படியே பதிந்து வைத்துவிடுங்கள்.

ஜூன் 9, இரவு 8.20 – கேள்வி கேட்டவர்

மோனோ கூட்டிப் பார்த்தேன். கரகரப்பு பாதிக்குமேல் போயிடுச்சு, பின்னால வயலின் இருக்குன்னே இப்பதான் தெரியுது. படிக்கட்டு வாதத்தை விட்டுட்டேன். பதிஞ்ச கோப்பை எப்படி வைக்கணும்? மூணாவது பாட்டுக்கு அப்புறம் சத்தம் மங்குதே, ஏன்?

ஜூன் 9, இரவு 9.00

பதிந்ததை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்), எதையும் சுத்தம் செய்யாமல், ஒரு மூலக் கோப்பாக வையுங்கள். சுருக்காத நிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்.பி., ஃப்ளாக்கில் நன்றாகக் குறையும். சொடக்கு எடுப்பது, மோனோ ஆக்குவது எல்லாம் நகலில் செய்யுங்கள். முழுப் பாட்டுக்கும் சேர்த்து 'இரைச்சல் நீக்கு' கொடுக்காதீர்கள். சி.டி.க்காரர்கள் செய்த அதே தவறு அது. பெரிய சொடக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள். கோப்பின் பெயரில் லேபிள் எண்ணோடு, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள மழமழப்பான இடத்தில் பொறித்த எண்ணையும் எழுதுங்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு தட்டு கிடைத்தால் எது எந்த அச்சு என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

மங்குவது ஊசி முனையில் அழுக்குத் திரள்வது. பூஞ்சைத் தட்டில் முதல் சில ஓட்டத்துக்கு இது நடக்கும். செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள், முனையில் பஞ்சு மாதிரி சாம்பல் உருண்டை தொங்கும். ஊசி பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுத்து எடுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் கான்டிலீவர் (ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) வளைந்துவிடும், விரலால் தொடவே வேண்டாம். எடுத்துவிட்டு அதே மூன்றாவது பாட்டிலிருந்து மறுபடி பதியுங்கள்.